‘வாசிக்க முடியாது’ என்று நான் எழுதிய புத்தகம்

இறப்புப் பதிவேடுகளோடு முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். மட்டக்களப்பு வாவிக்கரையோரம் இருந்த ஓர் அரச கந்தோரின் பதிவறையில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். அதே அறையின் பொறுப்பாளனாக ஓய்வுபெற்றேன். எந்தக் கந்தோர் என்று எழுதமாட்டேன். பிழை விட்டவன் நான், கட்டடத்தின் பெயரை எதற்கு இழுக்கவேண்டும்?

ஓய்வுபெற்றுப் பதினொரு வருடமாகிறது. யாரும் கூப்பிடுவதில்லை, நானும் போவதில்லை. இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் நிரோஜினி என்ற பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். என் பழைய கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். பழைய பதிவேடுகளை ஒவ்வொரு பக்கமாக ஸ்கான் பண்ணிக் கணினியில் ஏற்றுகிறார்களாம். சூறாவளியில் நனைந்து அழிக்கப்பட்ட புத்தகங்களின் பட்டியலொன்று அகப்பட்டதாம். அதன் கடைசி வரியில் என் கையெழுத்து இருக்கிறதாம்.

“சேர், ஒருக்கா நேர வந்து பாத்தீங்கெண்டா நல்லம்” என்றாள். குரலில் ஏதோ ஒரு தயக்கம் இருந்தது. எனக்கு அந்தக் கடைசி வரி உடனே ஞாபகம் வந்துவிட்டது. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரு வரியை மறக்காமல் வைத்திருக்கிறேன் என்றால், அதில் சோலி இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பதிவறையின் தலைமை எழுதுவினைஞர் கனகசூரியம் ஐயா. ஒல்லியான மனிதர். நீளக் கை வெள்ளைச் சட்டை. சட்டைப்பையில் இரண்டு கைக்குட்டைகள் வைத்திருப்பார், ஒன்று முகத்துக்கு, மற்றது புத்தகத்துக்கு. இரண்டும் ஒருநாளும் மாறியதில்லை. முதல் இரண்டு வருடம் அவர் என்னை எழுதவே விடவில்லை. தூசி தட்டினேன், நூல் கோத்தேன், முதுகு பிரிந்த புத்தகங்களுக்கு மாப்பசை பூசினேன். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டக்கூடாது. வெற்றிலை வாயோடு உள்ளே வரக்கூடாது. புத்தகத்தை முதுகில் பிடித்து இழுக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தி எடுக்கவேண்டும். எடுத்த இடத்தில் எடுத்தவனின் பெயர் எழுதிய துண்டைச் செருகவேண்டும். பச்சைப்பிள்ளையைக் கூட நான் அப்படி ஏந்தியதில்லை.

அவர் ஒருநாளும் என்னை ஏசியதில்லை. அவரிடம் இருந்தது ஒரேயொரு கேள்விதான். யாராவது மரணப் பதிவு தேடி வந்து, நான் கிடைக்கவில்லை என்று சொன்னால், தலையை நிமிர்த்தாமலே கேட்பார்: “திறந்து பாத்தியா?” அட்டவணையில் இல்லை ஐயா என்பேன். “அட்டவணையைக் கேக்கல்ல மனே. புத்தகத்தைத் திறந்து பாத்தியா?” என்பார். நான் எழும்பிப் போய்த் திறப்பேன். ஐந்து தடவைக்கு ஒரு தடவையாவது அது உள்ளே இருக்கும். ஒருமுறை தேத்தண்ணிப் போத்தல் முடிந்துவிட்டது என்று சொன்னதற்கும் அதையே கேட்டார். எரிச்சலோடு திறந்து பார்த்தேன். அரைக் கோப்பை கிடந்தது. அதைக் குடித்துவிட்டு மனிதர் சிரிக்கக்கூட இல்லை.

பிறகு, எழுபத்தெட்டாம் ஆண்டின் கடைசியில், அந்தச் சூறாவளி வந்தது. அதைப் பற்றி எங்கள் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தென்னைகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. பதிவறையின் கூரைத் தகடுகள் வாவிக்குள் போய்விட்டன. ஒரே இரவில் பெய்த மழை முழுவதும் புத்தகங்களின் மேல்தான் பெய்தது.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. பிறந்தது குருக்கள்மடம், பெண் எடுத்தது களுதாவளை. எங்கள் வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு பெண்வீட்டுக்குப் போகவேண்டும். வீடும் வளவும் பெண்ணுக்கு, குடி என்கிற வம்சமும் தாய் வழியில். ஆண்பிள்ளை அந்த வீட்டில் உழைப்பான், உண்பான், ஆனால் வீடு அவனுடையதல்ல. என் மனைவி பரமேஸ்வரி அப்போது ஏழு மாதம். அவளுடைய வீட்டுக் கூரையும் போய்விட்டது. அவளும் தாயும் பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தார்கள். நான் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டுக் கந்தோருக்குத் திரும்பினேன். அதன்பின் ஆறு நாளாக விடுப்பில்லை.

நனைந்த பதிவேட்டைக் காயவைப்பது ஒரு தனி வேலை. வெயிலில் வைக்கக்கூடாது. மை வெளுத்துவிடும், தாள் சுருண்டுவிடும். விறாந்தையில் கயிறு கட்டி, நிழலில், காற்றுப் படுகிற பக்கமாகப் புத்தகத்தை விரித்து நிறுத்தவேண்டும். பத்துப் பக்கத்துக்கொரு மை ஒற்றும் தாள் வைத்து, அது ஈரமானதும் மாற்றவேண்டும். ஒட்டிப்போன பக்கங்களுக்குள் மெல்லிதாகச் சீவிய மூங்கில் சிம்பை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரிக்கவேண்டும். முற்றாக ஒட்டிக் கட்டியாகிவிட்டது என்று தோன்றினால் முன்னால், நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்தில் சிம்பை விட்டுப் பார்க்கவேண்டும். மூன்று இடத்திலும் திறக்காவிட்டால் மட்டும் பட்டியலில் ‘வாசிக்க முடியாது’ என்று எழுதிக் கையெழுத்து வைக்கலாம். அப்படிப் பட்டியலில் ஏறினால் அது தீக்குப் போகும். பட்டியலின் ஒரு பிரதி கொழும்புக்குப் போகும். கனகசூரியம் ஐயா வகுத்த முறை இது. ஒரு புத்தகத்துக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.

ஏழாம் நாள் பின்னேரம் என் பங்கில் ஒரேயொரு புத்தகம் மிஞ்சியிருந்தது. வாவிக்கரைப் பிரிவொன்றின் பழைய இறப்புப் பதிவேடு, நூறு வருடத்துக்குக் கிட்டப் பழையது. அட்டை ஊதி, கறுத்துப்போயிருந்தது. முன்பக்கத்தில் சிம்பை விட்டேன். கொஞ்சம் கிழிந்தது. களுதாவளைப் பக்கம் காய்ச்சல் பரவுகிறது என்று அன்று காலையில்தான் ஒருவர் வந்து சொல்லியிருந்தார். சிம்பைக் கீழே வைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன். முன், நடு, கடை என்று மூன்று கட்டத்திலும் சரி அடையாளம் போட்டு, ‘வாசிக்க முடியாது’ என்று எழுதி, கையெழுத்தும் வைத்தேன்.

ஐயா பட்டியலை வாங்கினார். “திறந்து பாத்தியா?”

“ஓம் ஐயா.”

“மூண்டு இடத்திலயும்?”

“ஓம்.”

பட்டியலை மேசையில் வைத்தார். பிறகு, “சரி, வீட்ட போ மனே” என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். பரமேஸ்வரிக்கு ஒன்றுமில்லை. மண்டபத்து மூலையில் இருந்து யாருக்கோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சந்தோசத்தில் எனக்கு அழுகை வந்தது. அந்தப் புத்தகம் அத்தோடு மனதைவிட்டுப் போயிற்று.

கனகசூரியம் ஐயா ஓய்வுபெற்றுப் போகும்போது தன் இரண்டு கைக்குட்டைகளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னது ஒரே விசயம். “கடைசி றாக்கையின்ர கீழ்த்தட்டை ஒரு நாளைக்குத் துடைச்சு எடு மனே.” போகிற நேரத்திலும் தூசிக் கதைதானா இந்த மனிதருக்கு என்று நினைத்தேன். ஓம் என்று தலையாட்டினேன். துடைக்கவில்லை. சில வருடத்தில் சண்டை தொடங்கிக் கெட்ட காலம் வந்தது. யன்னலோரமாக மண்மூட்டை அடுக்கினார்கள். அந்தப் புத்தக றாக்கையின் கீழ்த்தட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டது. ஐயாவும் காலமாகிவிட்டார்.

அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. உடல் கிடைக்காத சாவுக்குப் பத்திரம் கேட்டுத் தாய்மார் வந்து நின்றார்கள். சட்டத்தில் இடமில்லை, இல்லை அம்மா, இல்லை என்று சொல்லிச் சொல்லியே என் வாய் பழகிவிட்டது. ‘இல்லை’ என்பது சுலபமான சொல். எழும்பிப் போகத் தேவையில்லை.

ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது நேசம்மா அக்கா வந்தா. எழுபது தாண்டிய மனுசி. மெலிந்த உடம்பு, தலையில் துணி கட்டியிருந்தா. ஏதோ கடும் வைத்தியத்தில் முடி கொட்டிவிட்டது என்று பிறகு தெரிந்தது. பிறந்தது எங்கள் வாவிப் பக்கம்தான். வளர்ந்து, மணமுடித்து, மகளோடு அமெரிக்கா போய், அங்கே மோர்மன் என்கிற கிறிஸ்தவ மார்க்கத்தில் சேர்ந்திருந்தா. மருமகன் முறையான ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மேசையில் ஒரு பெரிய தாளை விரித்தா. கட்டம் கட்டமாக வம்ச மரம். எல்லாக் கட்டத்திலும் பெயர் இருந்தது, ஒன்றைத் தவிர.

அந்த வெற்றுக் கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த பெயர் சாமுவேல். அவவின் அம்மம்மாவுக்குத் தகப்பன், அதாவது பூட்டன். பழைய பெயர் சின்னத்தம்பி, தோணிக்காரன். இளவயதில் காலித் துறைமுகத்தில் நின்றபோது, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த முதல் மோர்மன் போதகர்களைச் சந்தித்திருக்கிறார். அவர்களுடைய மூட்டையைத் தூக்கியிருக்கிறார், தெருத்தெருவாகப் போய் மொழிபெயர்த்திருக்கிறார், கடைசியில் கடலில் முழுகி ஞானஸ்நானமும் எடுத்துவிட்டார். போதகர்களை இந்த நாடு சட்டை பண்ணவில்லை. சில மாதத்தில் கப்பலேறிவிட்டார்கள். சின்னத்தம்பி மட்டும் சாமுவேலாக ஊருக்குத் திரும்பினார். கோயில் இல்லை, போதகர் இல்லை, புத்தகம் ஒன்றும் சில துண்டுப் பிரசுரமும்தான். ஒவ்வொரு ஞாயிறும் வாவிக்கரையில் நின்று போகிற வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டேயிருந்தாராம். எல்லோரையும் தண்ணீரில் முழுகச் சொன்னதால் ‘தண்ணிச் சாமுவேல்’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள். யாரும் முழுகவில்லை. இந்தக் கதையில் பாதியை நேசம்மா அக்கா அமெரிக்காவில் பழைய போதகர் ஒருவரின் நாட்குறிப்பிலிருந்து கண்டுபிடித்திருந்தா. “நான்தான் எங்கட குடும்பத்தில முதல் ஆள் எண்டு நினைச்சன் தம்பி. பாத்தா, பூட்டன் எனக்கு முந்தியே அங்க இரிக்கார்” என்றபோது அவவின் முகம் சின்னப்பிள்ளை முகமாக இருந்தது.

வெற்றுக் கட்டம் பூட்டனின் மனைவிக்குரியது. அவவின் பெயரைக் குடும்பத்தில் ஒருவரும் சொன்னதில்லை. சாமுவேல் பிந்தித்தான் மணமுடித்தார், ஒரேயொரு பெண்பிள்ளை. அவருடைய பிரசங்கம் பெருகப் பெருக, மனைவியின் குடியார் கூடி அவரை வீட்டைவிட்டு இறக்கினார்கள். வீடு பெண்ணுடையதல்லவா, இறங்கென்றால் இறங்கத்தான் வேண்டும். மனைவியே கதவைச் சாத்தினாள் என்றும், நாலு வயது மகளைக் கிறிஸ்தவப் பெண்பிள்ளைகளின் விடுதியொன்றில் தள்ளிவிட்டாள் என்றும் விடுதிக்காரர்கள் அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பிள்ளை சாகும்வரைக்கும் தாயின் பெயரை வாயால் எடுக்கவில்லை. வெறுப்பு அப்படியே மூன்று தலைமுறைக்கு இறங்கி வந்திருந்தது.

அவவின் மார்க்கத்தில் உயிரோடிருக்கிறவர்கள் செத்தவர்களுக்காக ஒரு சடங்கு செய்வார்களாம். புருசன், பெண்சாதி, பிள்ளையை மறுமையிலும் ஒரு குடும்பமாகச் சேர்த்துவைக்கிற சடங்கு. அதற்குப் பெயர் வேண்டும். எனக்கு அது புதினமாகப் படவில்லை. ஆடி அமாவாசைக்கு அமிர்தகழித் தீர்த்தக் குளத்தில் நானும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தானே முழுகுகிறேன். பெயர் தெரியாவிட்டால் ஐயர் விழிப்பார், நாமும் விழிப்போம்.

ஆனால் அக்காவுக்குப் பெயர் மட்டும் போதாது. அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “புருசனைக் கதவுக்கு வெளியால நிப்பாட்டின பொம்பிளையெண்டா நான் அவவைச் சேக்கமாட்டன் தம்பி. பூட்டனையும் அம்மம்மாவையும் மட்டும் சேத்துப்போட்டு விட்டுருவன். ஆனா அநியாயமா ஒருத்திய வெளியால விடக்கூடாது. எனக்கு உண்மை தெரியணும். எனக்கு நாளும் அவ்வளவு இல்ல.”

இறப்புப் பதிவில் அதற்கு விடை இருக்கும் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். சாவை யார் வந்து அறிவித்தது, அவர் எங்கே வசிக்கிறார், சாகும்போது பக்கத்தில் இருந்தாரா என்றெல்லாம் அதில் கட்டங்கள் உண்டு. மனைவி சாத்திய கதவைத் திறக்கவேயில்லையா, கடைசியில் வந்து பார்த்தாளா என்று அந்தக் கட்டங்கள் சொல்லிவிடும் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா. கொழும்புக்கு அனுப்பிய பிரதி அங்கே கிடைக்கவில்லை என்று அவவுக்கு முன்பே கடிதம் வந்திருந்தது. ஆகவே எங்கள் புத்தகம்தான் ஒரே வழி.

இரண்டு நாள் தேடினேன். வீட்டால் இறக்கப்பட்ட ஆம்பிளை தாய்வீட்டுக்குத்தானே போவான் என்று சாமுவேலின் தாய் ஊர்ப் பிரிவைப் பார்த்தேன், இல்லை. மனைவியின் ஊர்ப் பிரிவிலும் இல்லை. மூன்றாம் நாள் காலை, வாவிக்கரைப் பிரிவொன்றின் அட்டவணையில் விரல் நின்றது. ‘சின்னத்தம்பி என்னும் சாமுவேல்.’ எதிரே புத்தகத்தின் இலக்கம்.

அந்த இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாகத் திரும்ப வாசித்தேன். சூறாவளியின் ஏழாம் நாள் நான் திறக்காமல் கையெழுத்து வைத்த புத்தகம் அது.

எரித்தாயிற்று, இனி என்ன செய்வது என்று அட்டவணைக்கு முன்னால் குந்தியிருந்தேன். என் மனதில் அது எரிந்துதான் போயிருந்தது. நானே சாகடித்த புத்தகத்தை நான் எதற்குப் போய்த் தேடவேண்டும்? அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் இளம் வயதில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் இருந்தது. வெட்கமும் இருந்தது. வெட்கம்தான் கூட.

வெளியே வந்து, “அக்கா, அந்தப் புத்தகம் சூறாவளியில போயிட்டு” என்றேன்.

“நல்லாப் பாத்தீங்களா தம்பி?”

“ஓம் அக்கா. வாசிக்க ஏலாம ஒட்டிப்போன புத்தகம். ஒண்டும் செய்ய ஏலாது.”

அவ தாளை மெதுவாக மடித்தா. ஆண்டவர் சித்தம் என்று சொல்வா என்று எதிர்பார்த்தேன். அப்படியொன்றும் சொல்லவில்லை. “அப்ப அம்மம்மா சொன்னதுதான் மிச்சம்” என்றா. மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினா. இறங்கும்போது திரும்பி, மூன்று நாளாக நான் பட்ட சிரமத்துக்கு நன்றி சொன்னா. மகளின் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தா, ஏதாவது கிடைத்தால் சொல்லச் சொல்லி. அந்தத் துண்டை என் பழைய நாட்குறிப்பின் உறைக்குள் வைத்தேன். அங்கேயே கிடந்தது.

இனி நிரோஜினி கூப்பிட்ட நாளுக்கு வருகிறேன்.

பதிவறை எனக்கு அடையாளம் தெரியவில்லை. குளிரூட்டி, வெள்ளை விளக்கு, மேசைமேல் கமரா மாதிரி ஒரு இயந்திரம். மண்மூட்டைகள் எப்போதோ போய்விட்டன. பழைய றாக்கைகளை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். நிரோஜினி பட்டியலைக் காட்டினாள். என் இளவயதுக் கையெழுத்து, வாலை நீட்டிக்கொண்டு கிடந்தது.

“மூண்டு இடத்திலயும் திறந்து பாத்தது எண்டு நீங்க அடையாளம் போட்டிரிக்கீங்க, சேர்” என்றாள். பிறகு மேசைக்குக் கீழேயிருந்து ஒரு பொதியை எடுத்து வைத்தாள். வெள்ளைத் துணியில் கட்டி, நூலால் நாலு பக்கமும் முடிந்த பொதி. கடைசி றாக்கையின் கீழ்த்தட்டில் கிடந்ததாம்.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். கறுத்த, ஊதிப்போன அட்டை. உள்ளே பத்துப் பக்கத்துக்கொரு மை ஒற்றும் தாள், காய்ந்து பழுப்பேறியது. முதல் சில பக்கங்கள் கட்டியாக ஒட்டியிருந்தன. அதற்குப் பிறகு புத்தகம் ஒழுங்காக விரிந்தது. அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் சின்ன எழுத்தில் இருந்தது: நடு திறந்தது. கடை திறந்தது. அதன் கீழே ‘க’ என்ற ஒற்றை எழுத்து.

அது கனகசூரியம் ஐயாவின் கை.

அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் சைக்கிளில் ஏறியதும் அவர் சிம்பை எடுத்திருக்கிறார். பட்டியலைத் திருத்தினால் நான் பொய்க் கையெழுத்து வைத்தது வெளியே வரும், வேலை போகும், வயிற்றுப் பிள்ளையோடு பரமேஸ்வரி நடுத்தெருவில் நிற்பாள். அதனால் அவர் பட்டியலை அப்படியே அனுப்பிவிட்டு, புத்தகத்தைத் தீயில் போடாமல் கட்டிக் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார். நானே ஒருநாள் துடைக்கப் போய்க் கண்டெடுத்து, ஓசைப்படாமல் இடத்தில் வைத்துக்கொள்வேன் என்று நம்பியிருக்கிறார். நானோ அதற்கும் குனியவில்லை. நேசம்மா அக்கா மூன்று நாள் நின்ற இடத்திலிருந்து அந்தத் தட்டு பத்து முழம் இராது.

சாமுவேலின் பதிவைக் கேட்டேன். நிரோஜினிதான் புரட்டினாள். மை கொஞ்சம் பரவியிருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. சின்னத்தம்பி என்னும் சாமுவேல். தோணிக்காரன். காய்ச்சல். இறந்த இடம்: வாவிக்கரை மீன்வாடி. அறிவித்தவர்: தெய்வானைப்பிள்ளை. இறந்தவருக்கு என்ன முறை: மனைவி. சாகும்போது பக்கத்தில் இருந்தவர். அறிவித்தவரின் வசிப்பிடம் என்ற கட்டத்தில் பதிவாளர், ‘அதே வாடி, ஆறு வருடமாக’ என்று எழுதியிருந்தார். கீழே எழுதத் தெரியாத ஒரு மனுசி போட்ட புள்ளடி. கோணலாக, அழுத்தி.

அவ கதவைச் சாத்தவில்லை. தகப்பன் செத்தபோது அம்மம்மாவுக்குப் பத்து வயது என்று அக்கா சொல்லியிருந்தா, கணக்குச் சரி: புருசனை இறக்கிய கையோடு அவவும் இறங்கிப் போயிருக்கிறா. மீன்காரர் தங்குகிற ஓலைக்குடிசைதான் வாடி, அங்கே பிள்ளையை வளர்க்க முடியாமல்தான் விடுதியில் விட்டிருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து பரமேஸ்வரிக்கு எல்லாம் சொன்னேன். அன்றைக்குப் பொய் சொன்னதையும் சேர்த்து. அவள் முதலில் என் கதையைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. “தன்ட வீட்டை விட்டுப்போட்டு ஆறு வருசம் மீன்வாடியில கிடந்தவவா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எங்கள் பகுதிப் பெண்ணொருத்திக்கு அது என்னவென்று அவளுக்குத்தான் தெரியும். வீட்டை விடுவதென்றால் தாயை, சகோதரிகளை, குடியை, செத்தால் வந்து அழுகிற சனத்தை எல்லாம் விடுவது. பிறகு என் பக்கம் திரும்பினாள். “அண்டைக்கு என்னைப் பாக்க ஓடி வந்தீங்க, சரி. அதை என்ட தலையில கட்டாதீங்க. மறுகா அந்த மனுசி வந்து நிக்கக்க ஆரைப் பாக்க ஓடினீங்க?”

நாட்குறிப்பின் உறையைத் தேடி அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். மகள்தான் பேசினாள். ஐம்பது வயதிருக்கும், எங்கள் பேச்சு இன்னும் வாயில் இருந்தது. நேசம்மா அக்கா ஊருக்கு வந்துபோய் எட்டு மாதத்தில் காலமாகிவிட்டாவாம். நான் யார் என்று சொல்லி, புத்தகம் கிடைத்ததைச் சொல்லி, பதிவில் இருந்ததை ஒவ்வொரு கட்டமாக வாசித்தேன்.

அம்மா திரும்பி வந்ததும் அந்த வம்ச மரத்தாளை மேசையில் விரித்து, வெற்றுக் கட்டத்தைப் பேனையால் குறுக்கே வெட்டினா என்று சொன்னாள். பூட்டனுக்கும் அம்மம்மாவுக்கும் மட்டும் சடங்கைச் செய்துவைத்தாவாம். கடைசி நாட்களில் மருந்து மயக்கத்தில்கூட, கதவைச் சாத்தினவள், கதவைச் சாத்தினவள் என்று ஏசிக்கொண்டிருந்தாவாம்.

இப்போதாவது அந்தச் சடங்கைச் செய்யலாம்தானே மகள் என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் கெஞ்சியது.

“நான் அந்த மார்க்கத்தில இல்ல, அங்கிள். எங்கட வீட்டில வேற ஒருத்தரும் இல்ல. அதெல்லாம் அம்மாவோட போயிட்டு.”

பிறகு அவளே கேட்டாள். கோபமில்லாமல், தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காகக் கேட்கிற குரல். “அம்மா வந்த நேரம் நீங்க அந்தப் புத்தகத்தைத் தேடித் திறந்து பாத்தீங்களா?”

“இல்ல மகள்” என்றேன். “அண்டைக்கும் பாக்கல்ல. அதுக்கு முந்தியும் பாக்கல்ல.”

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் உண்மையான பதில் அதுதான். கேட்கவேண்டியவர்கள் இரண்டு பேரும் இல்லை.

மறுமுனையில் மேசை லாச்சி ஒன்றை இழுக்கிற சத்தம் கேட்டது. அம்மாவின் பூட்டியுடைய பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள் என்றாள். தெய்வானைப்பிள்ளை என்று சொன்னேன். பிறகு தெ, ய், வா என்று தொடங்கி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள், சரியாக இருந்தது. எழுதிவிட்டேன் என்றாள். எங்கே எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.